குழந்தைக்கு நிகரான நபர்

ஐம்பத்தொன்றாவது வயதில் தீர்த்தம்மாள் குழந்தை ஆனாள். வயசு போகப் போகக் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்கள் என்று ஊரில் சொல்வார்களே, அந்த மாதிரி இல்லை. முறைப்படி ஆணை வந்து, பதிவேட்டில் ஏறி, பச்சை மையில் கையெழுத்து விழுந்து, அதற்குப் பிறகுதான் ஆனாள்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாணவியர் விடுதியில் அவள் சமையல்காரி. நாற்பத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். ஒரே ஒரு நீளக் கூடம், சிமெண்டுத் தரை. கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், அந்தத் தரை ஈரம் கக்க ஆரம்பித்துவிடும். அடியில் சாக்கு, அதன் மேல் பாய், பாய்க்கு மேல் போர்வை என்று என்ன போட்டாலும் காலையில் எழுந்திருக்கும்போது நாற்பத்திரண்டும் இருமும். அடுப்படியில் நின்றுகொண்டே எந்த இருமல் யாருடையது என்று தீர்த்தம்மாள் சொல்லிவிடுவாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் லாரிக்குக் கிளீனராகப் போனவன், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரு தகரப் பெட்டியோடு விடுதிக்கு வந்தவள் பத்தொன்பது வருஷமாக அங்கேயே இருக்கிறாள். நாற்பது பேருக்கு உலை வைத்தே கை பழகிவிட்டதால், லீவு விட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகு தன் ஒருத்திக்கு அரிசி அளந்து போட அவளுக்கு வராது. இரண்டு பிடி, மூன்று பிடி என்று கூடிப்போகும். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாளும் அதையே தின்பாள். எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாத வீட்டில் சோறு சூடாக இருந்தால் என்ன, ஆறிப்போனால் என்ன.

நாற்பத்திரண்டு இருமலில் ஓர் இருமல் மட்டும் அவளைத் தூங்க விடவில்லை. ஆறாம் வகுப்பு சுகுணாவுடையது. வத்தல்மலைப் பிள்ளை. மூச்சை இழுத்து இழுத்து விடும்போது அந்தக் கழுத்துக் குழி உள்ளே போய் வருவதைப் பார்க்கச் சகிக்காது. தரையில் படுக்க விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுகுணாவின் அப்பா தர்மன் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றபடியே பேசினார்.

"தைக்குள்ள ஒரு கட்டில் வந்துட்டா இருக்கட்டுங்க. வரலீன்னா வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடறேன். படிப்பு போனாப் போவுது, உசுரு இருக்கோணுமில்லீங்களா."

மலைக்குத் திரும்பிப் போனால் படிப்பு போனதுதான். வீட்டில் ஆடு இருக்கிறது, தூக்கிக்கொண்டு திரியத் தம்பி இருக்கிறான். பிள்ளை அதைத் தெரிந்தே அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தீர்த்தம்மாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

வார்டன் அமுதவல்லி மூன்று விடுதிகளுக்குச் சேர்த்து ஒரே வார்டன், பாவம். அவரும் மனு எழுதினார். அதிசயமாகப் பதினைந்தே நாளில் அனுமதி வந்தது. கூடம் குறுகல் என்பதால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில், மொத்தம் இருபத்தொன்று. விடுதியே குதித்தது. அனுமதியோடு ஒரு குழுவும் வந்திருக்கிறது என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

சுகுணா தன் சடையிலிருந்த நீல ரிப்பனில் ஒன்றை அவிழ்த்துத் தீர்த்தம்மாளிடம் கொடுத்தாள். கட்டில் வந்து இறங்கியதும் ஒரு மேல்கட்டிலில் இதைக் கட்டி இடம் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பத்தாவது அக்காக்கள் பறித்துக்கொள்வார்கள் என்று விவரமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "கீழ நீங்க படுத்துக்கோங்கக்கா," என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் எங்கே படுக்கிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. தீர்த்தம்மாள் ரிப்பனை முந்தானையில் முடிந்துகொண்டு, வேலை இருப்பதுபோல அடுப்படிக்குள் போய்விட்டாள்.

'அடுக்குக் கட்டில் பாதுகாப்பு மற்றும் சுகத் தேர்வுக் குழு' தருமபுரியில் கூடியது. ஏழு பேர். தலைவர் மாதவராஜ். முப்பது வருஷ அனுபவம். அதில் எதிலும் ஒரு முடிவும் தவறாகப் போனதில்லை, ஏனென்றால் எடுத்ததில்லை. முதல் கூட்டத்தில் கட்டில் என்றால் என்ன என்று பேசி முடித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் குழந்தை என்றால் என்ன என்ற இடத்தில் வண்டி நின்றது. மாதிரிக் கட்டில் ஒன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கூட்ட அறையில் வந்து நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு குழந்தையைப் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அலுவலக நேரத்தில், அலுவலக நோக்கத்துக்காக, ஒரு குழந்தையைப் படுக்க வைத்தால் அது வேலை. குழந்தையை வேலைக்கு வைப்பது குற்றம். சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் இதை எழுந்து நின்று சொன்னபோது அறை அதிர்ந்துபோனதாம்.

அதனால் குழந்தை அளவில் ஒரு பெரிய ஆள் தேவைப்பட்டது. மாவட்டம் முழுக்கச் சுற்றறிக்கை போனது. எங்கள் சமையல்காரம்மா நாலடி ஏழு அங்குலம், முப்பத்தெட்டுக் கிலோ என்று அமுதவல்லி பதில் எழுதினார். நல்ல மனசோடுதான் எழுதினார். தன் விடுதிக்குச் சீக்கிரம் கட்டில் வந்துவிடும் என்று நினைத்துவிட்டார்.

ஆணையில், 'மேற்படி தீர்த்தம்மாள், குழந்தைக்கு நிகரான நபராக இதனால் நியமிக்கப்படுகிறார்' என்று இருந்தது. அதை வாங்கிக்கொண்டு அவள் மாதவராஜ் முன்னால் போய் நின்றாள். மனசில் இருந்ததைக் கேட்டும் விட்டாள்.

"எங்க பிள்ளைங்களையே ஒருக்கா படுக்க வச்சுப் பாத்தா ஆவாதுங்களா சார்? அவுங்கதான படுக்கப் போறாங்க?"

மாதவராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய மனுஷர். "அம்மா, குழந்தைகளைக் கேட்டுத்தான் குழந்தைகளுக்குச் செய்யணும்னா, அப்புறம் நாங்க ஏழு பேரு எதுக்கு?" என்றார். அவள் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் பதில் தெரியவில்லை.

செவ்வாயும் வியாழனும் பரிசோதனை. விடியும் முன்னே எழுந்து நாற்பத்திரண்டு பேருக்கும் இரண்டு வேளைக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டு, எட்டு மணி பஸ்ஸில் தருமபுரிக்குப் போவாள். தூக்கப் பரிசோதனை காலை பத்தரை முதல் மாலை ஐந்து வரை. இரவில் குழு வேலை செய்வதில்லை என்பதால் குழந்தைகள் பகலில் தூங்குவதாக வைத்துக்கொண்டார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வரை மதிய இடைவேளை. அப்போது தூங்கினால் அது கணக்கில் சேராது. பெண்பிள்ளை என்பதால் பெண் அலுவலர் கண்காணிப்பு வேண்டுமென்று ராஜமேரியைப் போட்டார்கள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, மணிக்கு ஒருமுறை 'உறங்குகிறார்' அல்லது 'உறங்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதுவார்.

கட்டில் இன்னும் இருப்பில் ஏறாத பொருளாம். அதனால் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது. புரண்டால் கறக் முறக் என்று சத்தம் வரும், வேர்த்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் ஏணிச் சோதனை. நாற்பது தடவை ஏறி நாற்பது தடவை இறங்கச் சொன்னார்கள். முப்பத்தொன்றில் அவளுக்குத் தலை சுற்றியது, குழந்தைக்கு நிகரான சோர்வு என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் விழும் சோதனை. மேலிருந்து ஒரு குழந்தை விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். அரசு ஊழியரை விழச் சொல்லவும் முடியாது. பொறியாளர் அறிவழகன் ஒரு வழி சொன்னார். அவள் மேலே படுத்திருந்தாள், கீழே நின்றுகொண்டிருந்தவர்கள் அவள் விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டார்கள். 'விழுந்ததாகக் கொள்ளப்பட்டது, காயம் இல்லை' என்று எழுதி ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தடுப்புக் கம்பியைப் பற்றி மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. கம்பி உயரமாக இருந்தால் குழந்தை விழவே விழாது, விழாவிட்டால் கம்பி உபயோகமாக இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு தடவைதான் அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கீழ்க்கட்டிலில் அவள் மட்டும் படுத்திருந்தாள். இரண்டாவது குழந்தைக்கான பணியிடம் காலி, ஆள் கிடைக்கவில்லை.

"மேல யாருமே இல்லாம படுத்திருக்கறது ஒரு மாதிரியா இருக்குதுங்க சார்," என்றாள். "எங்க பிள்ளைங்க ஒரே போர்வையில ரெண்டு மூணு பேரா ஒண்டிப் படுத்துப் பழகினதுங்க. பக்கத்துல ஒரு மூச்சுச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வருமுங்க. எனக்கே அப்படித்தானுங்க."

ராஜமேரி பேனாவைப் பிடித்தபடி தலைவரைப் பார்த்தார். 'மேல் தளத்தில் சுமை இல்லை. பயனாளி திருப்தி' என்று எழுதச் சொன்னார் மாதவராஜ். எழுதினார். அன்று மதியம் தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு முட்டையை எடுத்துத் தீர்த்தம்மாளின் மூடியில் வைத்தார். அந்தக் கட்டிடத்தில் அவளுக்குக் கிடைத்த நியாயம் அது ஒன்றுதான்.

ஏழாவது வாரம் நீளம் அளந்தார்கள். அன்றைக்குக் கேட்க வேண்டுமா, விடியற்காலையிலிருந்து அடுப்பில் வெந்தவள், படுத்ததும் அயர்ந்துவிட்டாள். அறிவழகன் டேப்பைப் பிடித்தார். மூன்றடி பத்து அங்குலம். அவள் விழித்துப் பார்த்துப் பதறிப்போனாள்.

"நான் சுருண்டு படுத்திருந்தனுங்க. ஒண்டியாப் படுக்கறவங்களுக்கு அது பழக்கம். காலை நீட்டறேன், நீட்டினாப்புல அளந்து பாருங்க சார்."

அறிவழகன் பொறுமையாக விளக்கினார். நின்றுகொண்டிருக்கும் குழந்தைக்குக் கட்டில் எதற்கு? தூங்குகிற குழந்தைக்குத்தான் கட்டில். ஆகவே தூங்குகிற அளவுதான் அளவு. விழித்துக்கொண்டு காலை நீட்டிக் காட்டுவதெல்லாம் ஏற்க முடியாத சான்று. குழு இரண்டு அங்குலத்தைத் தாராளமாகச் சேர்த்து, நாலடி என்று ஏகமனதாக முடிவு செய்தது. இரும்பும் மிச்சம் என்று கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் ஒருவருக்கும் அந்தக் கட்டிலில் முழங்காலுக்குக் கீழே இடம் இருந்திருக்காது.

இங்கே மார்கழி வந்துவிட்டது. சுகுணாவுக்கு இழுப்பு கூடிவிட்டது. உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கியது பிள்ளை. தீர்த்தம்மாள் பார்த்தாள். பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போய், தெரிந்த சின்னப்பனிடம் கெஞ்சி, விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் கிரேட் எட்டு வாங்கினாள். நடைக்கு நாலு என்று தலையில் வைத்து இரண்டு நடையில் கொண்டுவந்து சேர்த்தாள். கிரேட்டைக் கவிழ்த்து வரிசையாக வைத்து, விடுதிப் பின்புறம் கிடந்த பழைய கதவைக் கழுவிக் காயவைத்து அதன் மேல் போட்டாள். கதவின் மேல் பாய். எண்ணி அரை நாள் வேலை. கட்டில் ரெடி.

பதினொரு நாள் சுகுணா இழுப்பு இல்லாமல் தூங்கினாள். தக்காளி வாசனை வருதுக்கா என்று மட்டும் சிரித்தாள். பதினொரு நாளும் காலையில் அந்த இருமல் இல்லாத அடுப்படியில் தீர்த்தம்மாள் தனக்குத்தானே பேசிக்கொண்டு வேலை செய்தாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

அந்தச் சந்தோஷத்தில் குழுவிடமும் சொல்லிவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். எட்டு கிரேட்டும் ஒரு பலகையும் போதுங்க சார், பிள்ளை நல்லாத் தூங்குது என்று சொல்லி முடிப்பதற்குள் அறையில் ஏழு முகமும் சுண்டிவிட்டது. ஏழு வாரமாக ஏழு பேர் தேடிக்கொண்டிருப்பதை ஒருத்தி அரை நாளில் செய்துவிட்டாள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

மறுநாளே ஆய்வுக்கு வந்தார்கள். கிரேட் இருப்புப் பதிவேட்டில் இல்லை. கதவு இருந்தது, ஆனால் பல வருஷத்துக்கு முன்பே கழிக்கப்பட்டதாகக் குறிப்பும் இருந்தது. பதிவேட்டின்படி அந்தக் கதவு உலகத்திலேயே கிடையாது. இல்லாத கதவின் மேல் ஒரு மாணவி பதினொரு நாள் எப்படித் தூங்க முடியும் என்று மாதவராஜ் வார்டனைக் கேட்டார். கிரேட்டையும் கதவையும் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டி, சீல் வைத்தார்கள். சுகுணா பாயைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

இதோடு விட்டார்களா? அமுதவல்லிக்கு ஒரு மெமோ வந்தது. குழந்தைக்கு நிகரான நபர் ஒருவரைத் தலையில் சுமை தூக்க அனுமதித்தது ஏன்? நல்லது, அப்படியானால் இதே நபர் சமைக்கலாமா, நாற்பத்திரண்டு பேருக்கு யார் சோறாக்குவது என்று அமுதவல்லி திருப்பி எழுதினார். இரண்டு வாரம் கழித்து விளக்கம் வந்தது. அவர் செவ்வாய், வியாழன் அலுவலக நேரத்தில் மட்டுமே குழந்தை. மற்ற நேரத்தில் சமைக்கத் தடையில்லை.

தை பிறந்தது. தர்மன் சொன்ன சொல் தவறாமல் வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றினார். தீர்த்தம்மாள் அவரிடம் இன்னும் ஒரு மாசம் பொறுங்க, கட்டில் தேர்வு ஆகிடுச்சு, செய்யச் சொல்லியாச்சு என்று என்னென்னவோ சொன்னாள். அவர் மகளின் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகுணா புத்தகப் பையை மாட்டிக்கொண்டாள். பை எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

"ரிப்பன் பத்திரமாக்கா," என்றாள் பிள்ளை.

தீர்த்தம்மாள் பஸ் திரும்பும்வரை ரோட்டிலேயே நின்றாள். அப்புறம் வந்து சோறு வடித்தாள். அன்றைக்கு அழுதாள், வாய்விட்டே அழுதாள். சாம்பாரில் உப்பு கூடிப்போனதாகப் பத்தாவது பிள்ளைகள் சொன்னார்கள். மறுநாள் காலை நாற்பத்தொரு இருமலும் கேட்டன. கேட்காமல் போன அந்த ஒன்றையே அவள் காது தேடிக்கொண்டிருந்தது.

கட்டில் வந்தது. அந்தத் தையில் இல்லை, அடுத்த தையிலும் இல்லை. அதற்கும் அடுத்து வந்த மே மாதத்தில், பிள்ளைகள் எல்லாரும் முழுப்பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போய், விடுதியில் தீர்த்தம்மாளும் ஒரு பூனையும் மட்டும் இருந்தபோது லாரியில் வந்து இறங்கியது. இருபத்தொரு அடுக்கு. நீல பெயிண்டு, வழவழப்பு. நீளம் நாலடி. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஜன்னலோரக் கட்டிலின் மேல் தளத்தில் ரிப்பனைக் கட்டினாள். லீவில் பறிக்க யாரும் இல்லைதான். இருந்தாலும் கட்டினாள்.

மூன்றாம் நாள் திறப்பு விழா. வாசலில் வாழைமரம், மைக், ஏழு நாற்காலி. எதிரே பிள்ளைகள் உட்கார நீளமாக ஜமுக்காளம் விரித்து, அதில் ஒருவரும் இல்லை. மாதவராஜ் அந்த ஜமுக்காளத்தைப் பார்த்தே முக்கால் மணி நேரம் பேசினார்.

"ஒரு கட்டில் வாங்க ஒன்றரை வருஷமா என்று சிலர் கேட்கிறார்கள். பெருமையோடு சொல்கிறேன். இந்தக் குழு ஆரம்பித்ததிலிருந்து இன்றுவரை ஒரு குழந்தையைக்கூட நாங்கள் தொந்தரவு செய்யவில்லை. ஒரு குழந்தையைக்கூடக் கேள்வி கேட்கவில்லை. ஏன், ஒரு குழந்தையை நாங்கள் நேரில் பார்த்ததுகூட இல்லை. அப்படிப்பட்ட கட்டுப்பாட்டோடு வேலை செய்திருக்கிறோம்."

ராஜமேரி தலையைக் குனிந்துகொண்டு கைதட்டினார்.

கோப்பில் வைக்க, குழந்தை ஒன்று கட்டிலில் படுத்திருக்கும் புகைப்படம் வேண்டியிருந்தது. போட்டோக்காரர் குழந்தையைத் தேடினார். அமுதவல்லி கையைப் பிசைந்தார். மாதவராஜ் மட்டும் கலங்கவில்லை.

"நம்மகிட்டத்தான் குழந்தை இருக்காங்களே," என்றார். ஆணை இன்னும் ரத்தாகவில்லை.

தீர்த்தம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கீழ்க்கட்டிலில் படுத்தாள். இரண்டு பிளாஷ் அடித்தது. படத்துக்குக் கீழே எழுத வாசகம் தயாராக இருந்தது: 'புதிய கட்டிலில் மகிழ்ச்சியுடன் உறங்கும் குழந்தை.' கேசரி சாப்பிட்டார்கள், கார் கிளம்பிற்று. போகும்போது ராஜமேரி மட்டும் திரும்பி ஒருமுறை பார்த்தார்.

மத்தியானம் மூன்று மணி. தீர்த்தம்மாள் தர்மனுக்குப் போன் போட்டாள். மலையில் டவர் கிடைத்துக் கிடைத்துப் போனது. கட்டில் வந்துடுச்சுங்க, ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறாங்க, அனுப்பி வையுங்க என்றாள். அந்தப் பக்கம் தர்மன் மகளைக் கூப்பிட்டார். அப்புறம் போன் கை மாறியது.

"அக்கா, மேல்கட்டிலா?"

"மேல்கட்டிலேதான் கண்ணு. ஜன்னல் ஓரம். ரிப்பன் கட்டிட்டேன்."

"எவ்வளவு நீளங்க்கா இருக்கு?"

தீர்த்தம்மாள் சொன்னாள். நாலடி.

தூரத்தில் ஆடு கத்தும் சத்தம் கேட்டது. "எனக்குப் பத்தாதேக்கா. நான் இப்ப உங்களவிட ஒசரம்," என்றாள் சுகுணா. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். இழுப்பு இப்போது எப்படி என்று கேட்பதற்குள் டவர் போய்விட்டது. திரும்பப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள். இன்னொரு தடவை போட்டாள். அதே பெண்தான்.

ஜமுக்காளத்தை மடித்து வைத்தாள். வாழைமரத்தை அவிழ்த்தாள். பிறகு செய்ய வேலை எதுவும் இல்லை. கூடத்தில் நாற்பத்திரண்டு படுக்கைகள் இருந்தன, ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. கீழ்க்கட்டிலில் போய்ப் படுத்தாள். மேலே ரிப்பனின் ஒரு நுனி தொங்கிக்கொண்டிருந்தது. காலை நீட்டிப் பார்த்தாள், கம்பி இடித்தது. பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, எப்போதும்போலச் சுருண்டுகொண்டாள்.

அளவு சரியாக இருந்தது.